சொன்னபடி எழுதாத சீட்டு

மகளே,

உன் அம்மா நலம். முழங்கால் வலி இருக்கிறது, அந்த வலியோடே அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும் போய் வருகிறாள். கொல்லை முருங்கை காய்த்துத் தொங்குகிறது. நான் நலமா இல்லையா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்துகொள். இன்லண்ட் லெட்டரில் அடங்காது என்று தெரிந்து, பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மை போட்டவன் நான். இன்று எனக்குச் சிவப்பு மை போட யாரும் இல்லை. கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. அதை எத்தனை முறை படித்தேன் என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். "நைனா, ஆவணியில் கல்யாணம். அவலூர்பேட்டையில் அவங்க வீட்டு முறைப்படியே நடக்கட்டும்னு ஒத்துக்கிட்டேன். ஐயர் வருவார், ஓமம் இருக்கும். நீ மனையில உட்கார வேணாம், தாரை வார்க்க வேணாம், அதெல்லாம் அம்மா பக்கத்துச் சித்தப்பா பார்த்துக்கறாராம். நீ வந்து நின்னா போதும். சாமி இருக்குதா இல்லியான்னு எனக்குத் தெரியாது நைனா. சென்சஸ் எடுத்தப்ப என்னைக் கேட்காமலே என் சீட்டுல நீ ஒன்னு எழுதின. இப்ப நான் சொல்றேன், தெரியாது. அவ்வளவுதான்." இதுதான் நீ எழுதியது. வேலூர் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சூடு பார்த்துக் குறிக்கிற கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாய்.

எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்று சொல்லவும் வேண்டுமா? அன்றைக்கே ஒரு கார்டு எழுதினேன். 'ஐயர் உட்காரும் பந்தலில் உன் தகப்பன் நிற்க மாட்டான்' என்று ஒரே வரி. தபாலில் போடச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து அரிசிப் பானைக்கு அடியில் அது கிடக்கிறது. "இன்னாடி இது?" என்று கத்தினால், "தபால் பெட்டி ரொம்பி வழிஞ்சுதுங்க, எடமில்ல" என்று சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டாள். செஞ்சித் தபால் பெட்டி என்றைக்கு நிரம்பி வழிந்தது? அந்தக் கார்டு உன் கைக்கு வராததற்கு அவளுக்கு நான் இப்போது நன்றி சொல்லியாக வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை, ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நடந்ததைத்தான் முதலில் பேச வேண்டும். நீ சமையற்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாய்: "வார்டுல சாமி சாமின்னு கும்பிட்டுக்கிட்டே ஒருத்தங்க போயிடறாங்க நைனா. பக்கத்துக் கட்டில்ல, சாமியத் திட்டிக்கிட்டே இருந்த ஆள் பொழைச்சு எழுந்து நடந்து போறாரு. இன்னொரு நாள் அப்படியே தலைகீழா நடக்குது. எனக்கு இதுலேர்ந்து ஒன்னும் வெளங்கல. வெளங்கலன்னுதான் என்னால சொல்ல முடியும்." இதைக் கேட்டு நான் என்ன சொன்னேன்? மதில்மேல் பூனை என்றேன். ரெண்டுங்கெட்டான் என்றேன். "சாமி கும்பிடறவங்களக்கூட மன்னிச்சுடுவேன், அவங்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்குது. உனக்கு முதுகெலும்பே இல்லியே" என்று என் மகளைப் பார்த்துச் சொன்னேன். நீ துருவலைத் தட்டில் தட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். அந்தத் தேங்காயில் உன் அம்மா செய்த பாயசத்தை யாரும் தொடவில்லை.

நாங்கள் கூட்டம் போட்டுப் பேசித் திரிந்த காலத்தில் உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். இருக்கிறது என்பவன் ஆத்திகன், இல்லை என்பவன் நாத்திகன். தெரியாது என்பவனுக்கு ஐயவாதி என்று புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு, ஆனால் நாங்கள் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. இந்தக் கணக்கில் சிக்காத ஓர் ஆள் என் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார். உனக்கு அவரைத் தெரியும், கணக்குப் பாடம் எடுக்கும் மேல்சித்தாமூர் வாத்தியார், சமணர். "உலகத்த ஒருத்தர் உக்காந்து படைச்சார்ங்கறத நாங்க ஒத்துக்கறதில்ல சார்" என்பார். எனக்கு ஒரே குஷி. அப்புறம் பார்த்தால் மனிதர் மடத்துக் கோயிலில் கைகூப்பி நிற்கிறார், பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். "யோவ், நீ எங்க ஆளா, அவங்க ஆளா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "நான் எங்க ஆளு சார்" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவரை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற பழக்கம் எனக்கில்லை, பேசுகிற பழக்கம்தான்.

இனி, நீ குத்திக் காட்டிய சென்சஸுக்கு வருகிறேன். அறுபத்தொன்றில் வாத்தியார்களையெல்லாம் கணக்கெடுக்க அனுப்பினார்கள். கோட்டை வாசலை ஒட்டிய தெருக்கள் எனக்கு விழுந்தன. ஆளுக்கு ஒரு சீட்டு. பெயர், வயது, கல்யாணம் ஆனவரா ஆகாதவரா, மதம், தொழில் என்று வரிசையாக இருக்கும். எங்களுக்குப் பாடம் சொன்ன அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கேளுங்கள், அவர்கள் சொன்னபடி எழுதுங்கள், உங்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்காதீர்கள். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கோட்டை வாசலில் மல்லாட்டைக் கடலை அவித்து விற்கிற பச்சையம்மாவை நீ பார்த்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை மலையேற வருகிறவர்கள் அவளிடம் ஒரு பொட்டலம் வாங்காமல் போவதில்லை, குரங்குகளும் அவளை விட்டுப் போவதில்லை. அவள் குடிசைக்குப் போய் உட்கார்ந்து பெயர், வயது எல்லாம் எழுதியாயிற்று. கல்யாணம் ஆயிற்றா என்று கேட்க நிமிர்ந்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. கயிறு என்றால் சுமங்கலி, வெறும் நெற்றி என்றால் கைம்பெண், இது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன எழுதுவது?

"புருஷன் இருக்காராம்மா?" என்று கேட்டேன்.

"மேஸ்திரி கூட பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போச்சு. நடுவுல ஒரு ஸ்டேஷன்ல தண்ணி குடிக்க எறங்குச்சாம். ரயிலு பொறப்புட்டுடுச்சு, அது ஏறல. எட்டு வருசம் ஆவுது. கடுதாசி இல்ல, கண்ணால பாத்தவங்களும் இல்ல."

"சரி, இருக்கார்னு எழுதவா, இல்லைன்னு எழுதவா?"

"தெரியாதுன்னு எழுதிக்கோ வாத்தியாரே."

"அப்படி ஒரு இடமே சீட்டுல இல்லம்மா."

"இல்லாட்டி இன்னா? எனக்குத் தெரியாதத தெரியும்னு எழுதச் சொல்றியா? பொட்டு வெச்சா, அது இருக்குதுன்னு நான் சொன்ன மாதிரி. கயித்த அறுத்தா, செத்துடுச்சின்னு சொன்ன மாதிரி. எனக்கு ரெண்டும் தெரியாது."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் பதினைந்து வீடு பாக்கி. எனக்கு எரிச்சல். எட்டு வருஷம் ஓர் ஆள் கடிதம் போடாமல் இருப்பானா, செத்துத்தான் இருப்பான், இதை ஒத்துக்கொள்ளத் தைரியமில்லாமல் இந்தப் பொம்பளை இழுக்கிறாள் என்று என் பகுத்தறிவு ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. விதவை என்று எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதின?" என்று எட்டிப் பார்த்தாள். "நீ சொன்னபடிதான் எழுதியிருக்கேன்" என்றேன். மகளே, பொய்யே பேசாதவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் இந்தப் பொய்யையும் சொன்னேன்.

அதே சூட்டோடு வீட்டுக்கு வந்து நம் மூன்று பேர் சீட்டையும் நிரப்பினேன். மூன்றிலும் மதம் இல்லை என்று எழுதினேன். உன் அம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவளைக் கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டு வீறாப்பாகப் படித்துக் காட்டியபோது, "உங்க சீட்டுல நான் எதுவா வேணா இருந்துட்டுப் போறேன், அமாவாசைக்கு மட்டும் முத பஸ்ஸுல ஏத்திவுட்டுடுங்க" என்றாள். உனக்கு அப்போது பதிமூன்று வயது. "நைனா, என்னைக் கேக்கவே இல்லியே" என்றாய். "உனக்கு இன்னா தெரியும், போய்ப் படி" என்றேன். நான் மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், உன் அத்தை விஷயம். ஐயர் ஓதுகிற கல்யாணத்தில் கால் வைக்க மாட்டேன் என்று இளவயதில் மேடையேறிச் சொன்னேன், கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காகவே என் ஒரே தங்கையின் கல்யாணத்துக்குப் போகவில்லை. நாலு தெரு தள்ளிப் பந்தல். மேளச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஓமத்தில் போடும் பொரியை மணப்பெண் கையில் அண்ணன்தான் அள்ளிப் போட வேண்டும். கையை ஏந்திக்கொண்டு உன் அத்தை வாசலையே பார்த்தாளாம். கடைசியில் யாரோ ஒரு பெரியப்பா பையனைப் பிடித்து இழுத்துவந்து போடச் சொன்னார்களாம். இரண்டு வருஷம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்தவளிடம், "என் கொள்கை உனக்குத் தெரியாதா?" என்று நியாயம் பேசினேன். "தெரியும் அண்ணா. சாமி அங்க இல்லேன்னு உனக்குத் தெரியும். நான் அங்க இருந்தேனே, அது தெரியலியா?" என்று கேட்டாள். அவள் இன்றைக்கும் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை, அவள் பிள்ளைக்குக் காது குத்தியதைக்கூட எவனோ பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் தப்புதான். ஆனாலும் வலிக்கிறது.

உன் கடிதமும், பானைக்கடியில் கிடந்த என் கார்டும் சேர்ந்து என்னை உலுக்கிவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டை வாசலுக்குப் போனேன். பச்சையம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. நெற்றி அப்படியே வெறுமையாக இருந்தது, கழுத்துக் கயிறு புது மஞ்சளோடு இருந்தது. அடுப்பில் மல்லாட்டை கொதித்துக்கொண்டிருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. சென்சஸில் விதவை என்று எழுதிவிட்டேன், கேட்டதற்குப் பொய்யும் சொன்னேன் என்று நின்ற வாக்கில் சொல்லிவிட்டேன்.

கரண்டியை அப்படியே போட்டுவிட்டாள். "அடப்பாவி மனுசா! எட்டு வருசமா சர்க்கார் காகிதத்துல நான் தாலியறுத்தவளா? எங்கம்மா அழுதும் அறுக்கல, மாமியா மண்ண வாரித் தூத்தியும் அறுக்கல. நீ பேனாவால அறுத்துட்டுப் போயிட்டியே வாத்தியாரே!" மலையேற வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என்னிடம் படித்த இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டித் தீர்த்துவிட்டு, கொதிக்கிற சட்டியைக் கிளறிவிட்டு, தட்டுக்குக் கை நீட்டிய குரங்கைக் கழியால் விரட்டினாள். அப்புறம்தான் கேட்டாள்: "அத மாத்தி எழுத முடியாதா?"

"முடியாது. இன்னும் ரெண்டு வருஷத்துல மறுபடி எடுப்பாங்க. அதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன்."

"வர்றவன் கிட்டயாவது சொல்லி அனுப்பு. கேட்டுட்டு எழுதச் சொல்லு. அன்னிக்கு எனக்கு இன்னா தெரியுதோ அத நான் சொல்றேன்."

பிறகு ஒரு பொட்டலம் மடித்து என் கையில் திணித்தாள். "உம் பொண்ணுக்குக் கண்ணாலமாமே?" என்றாள். பத்திரிகை கொடுக்கிறேன், வா என்றேன். "எனக்கு வேணாம். பொட்டில்லாம வந்தா ஒரு கும்பல் மூஞ்சி சுளிக்கும், கயித்தோட வந்தா இன்னொரு கும்பல் சுளிக்கும். பதினாறு வருசமா ஒரு கண்ணாலத்துக்கும் நான் போறதில்ல. எனக்குப் போவ எடமில்ல. உனக்கு இன்னா கேடு? நீ போ." அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வீடு வந்து சேர்ந்தேன்.

முதுகெலும்பு இல்லை என்று உன்னைச் சொன்னேன் அல்லவா? புருஷன் இருக்கிறான் என்று சொல்லிப் பொட்டு வைத்திருந்தால் பச்சையம்மாவைச் சுமங்கலிகள் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். செத்தான் என்று அழுதிருந்தால் ஒரு மாதத்துக்கு ஊரே அவளோடு அழுதிருக்கும். இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டு, தெரியாததைத் தெரியாது என்று பதினாறு வருஷம் ஒருத்தி நிற்கிறாள். என் கட்சியில் எனக்குக் கைதட்ட ஆளிருந்தது. உன் அம்மாவுக்கு அமாவாசைக் கூட்டமே துணைக்கு இருக்கிறது. உனக்கும் பச்சையம்மாவுக்கும் யார் இருக்கிறார்கள்?

ஒன்று மட்டும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நம்புவது வேறு, தெரிவது வேறு. சாமி உண்டு என்று நான் நம்பவில்லை, சாகிறவரை நம்பப் போவதும் இல்லை. அந்த விதத்தில் நான் நாத்திகன்தான், எனக்கு அதில் வெட்கமில்லை. ஆனால் இல்லை என்று எனக்குத் தெரியுமா என்று நீ கேட்டால், பச்சையம்மா புருஷன் செத்தான் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் தெரியும். நேற்று உன் அம்மாவையும் கேட்டேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. "அங்காளம்மா இருக்கான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றேன். "எனக்கு இன்னாங்க தெரியும்? நம்பறேன், போய் நின்னா மனசு ஆறுது" என்றாள். பார்த்தாயா, தெரியாது என்பதில் நாம் மூன்று பேரும் ஒன்றுதான். அவள் நம்புகிறாள், நான் நம்பவில்லை, நீ எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறாய். வாய்விட்டுச் சொல்லும் தைரியம் உனக்கு மட்டும் இருந்தது, அதற்காகத்தான் உன்னை அடிக்காத குறையாக விரட்டினேன். என்னை மன்னித்துவிடு கண்ணு.

புத்தி சொல்லாமல் தகப்பன் கடிதம் எழுதினால் ஊர் ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஒன்று. நாளைக்கு உன் புருஷனைப் பற்றி, அவன் அம்மாவைப் பற்றி, பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி, இவர்கள் இப்படித்தான் என்று உனக்கு நிச்சயமாகத் தோன்றும். அப்போது எழுதுவதற்கு முன்னால் கேள். பதில் தெரியாது என்று வந்தால், அந்த இடத்தைக் காலியாக விட்டு வை. அவசரப்பட்டு நிரப்பி நான் பட்டது போதும்.

ஆவணியில் வருகிறேன். மந்திரம் சொல்லும்போது கைகூப்ப மாட்டேன், அதை நீயும் கேட்கவில்லை. நீ நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் நிற்பேன். பொரி போட உனக்கு அண்ணன் தம்பி இல்லை. அந்த நேரத்தில் யாரையும் இழுத்துவர வேண்டாம். உனக்குச் சம்மதமானால் நானே அள்ளிப் போடுகிறேன். அது வெறும் பொரி, ஏந்துவது உன் கை. உன் அத்தைக்கும் எழுதியிருக்கிறேன். அவள் வந்தால் என் பக்கத்தில் நிற்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் முடிவெடுக்காமல் இருக்கிறேன். விசேஷத்துக்கு நான் போடுவது கறுப்புச் சட்டை என்று உனக்குத் தெரியும். உன் அம்மா வெள்ளைச் சட்டை ஒன்றைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் கறுப்பைப் பார்த்துச் சங்கடப்படுவார்களா, வெள்ளையைப் போட்டால் உன் நைனா வேஷம் போடுகிற மாதிரி உனக்கே தோன்றுமா, எனக்குப் புரியவில்லை. எதைப் போட்டுக்கொண்டு வரட்டும்? உன்னைத்தான் கேட்கிறேன். நீ சொன்னபடி செய்கிறேன். தெரியாது நைனா என்று எழுதினாலும் சரி, இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உன் நைனா